வேர்த்த முகம்

சூடு முதலில் பிடரியில் தொடங்கும். பிறகு காதுகளுக்கு ஏறும். காதுவரை வந்துவிட்டால் அதற்குமேல் ஜனார்த்தனன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கன்னங்கள் எரியும், மேலுதட்டில் வேர்வை அரும்பும், எதிரில் நிற்பவருடைய வாய் அசைவது தெரியும், சொல்வது பிடிபடாது. "என்ன ஜனா, சுகமோ?" என்று ஒருவர் கேட்டு முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

அவன் நல்ல கறுப்பு. அந்த முகத்தில் எவ்வளவு இரத்தம் ஏறினாலும் வெளியே தெரியாது. வேர்வை மட்டும்தான் தெரியும். வன்னி வெயிலில் வேர்வை யாருக்குத்தான் இல்லை. அவனுடைய மனைவி ராஜினி கல்யாணமான புதிதிலேயே இதைச் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் உள்ளங்கையை அவன் கன்னத்தில் வைத்தும் பார்த்தாள்.

"சுடேல்லையப்பா. உங்கட முகத்தைவிட என்ர கைதான் சூடு."

அவள் கை சொன்னது ஒன்று, அவன் தோல் உள்ளிருந்து சொன்னது வேறொன்று. பல்வலிக்காரனிடம் அடுத்தவர் வந்து உனக்கு வலியில்லை என்றால் அவன் நம்பிவிடுவானா? ஜனார்த்தனனும் நம்பவில்லை. ஆனால் பல்வலிக்காரனுக்கு வலிதான் துன்பம். இவனுக்கு அந்தச் சூடு துன்பமில்லை, அதை மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதே துன்பம். தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று எல்லோருக்கும் தெரிகிறது என்று அவன் உறுதியாக நம்பினான். அப்படிப்பட்ட நம்பிக்கையை வெளியிலிருந்து யாரும் உடைக்க முடியாது.

அவர்களுடைய ஊர் உடையார்கட்டுப் பக்கம், பெரிய றோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு குடியேற்றம். வாய்க்காலின் தலைப்பில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்ற குடும்பங்கள். வாய்க்கால் முடிகிற இடத்தில், தண்ணீர் ஒரு நாள் வந்து ஒரு நாள் வராத காணிகளில், மலைநாட்டுக் கலவரங்களுக்குப் பிறகு வந்தவர்கள். ஜனார்த்தனனின் தகப்பன் வீரையா அப்படித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டியவர். மகன் மிசின் திருத்தப் பழகினான். தண்ணி இறைக்கிற மிசின், உழுகிற லான்ட்மாஸ்டர், எதுவானாலும் ஊரில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை செய்யும்போது அவனுக்குச் சூடு வராது. வந்தவருடைய கண்ணும் அவனுடைய கண்ணும் எஞ்சினில் இருக்கும். அப்போது சிரிப்பான், பகிடிகூட விடுவான். வேலை முடிந்து கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் வேறு ஆள்.

கடைக்குப் போனால் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான். கடைக்கார நல்லதம்பி விடமாட்டார்.

"உந்தச் சட்டியைக் கழட்டும் ஐசே. அரைக்கிலோ சீனிக்கு வந்தனீரோ, கடையை அடிக்க வந்தனீரோ?"

நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஜனார்த்தனன் உள்ளே வேர்த்துக்கொண்டு சீனியை வாங்குவான். மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற வருடத்தில் ராஜினிதான் போய் நின்றாள். ஆம்பிளை வீட்டில் இருக்கப் பெண்பிள்ளை வரிசையில் நிற்கிறாள் என்று கதை வந்தது. அவள் அடுத்த நாளும் போய் நின்றாள்.

இது எப்போது தொடங்கியது என்று கேட்டால் அவன் பள்ளிக்கூடத்தைச் சொல்வான். வகுப்பில் ஒரு பெடியனின் பேனா காணாமல் போனது. வாத்தியார் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி, "எடுத்தவன்ர முகமே காட்டிக் குடுக்கும்" என்று சொல்லி முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜனார்த்தனன் எடுக்கவில்லை. ஆனால் தன் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று நினைத்தான். நினைத்ததும் காது சுட்டது. வாத்தியார் அவன் முன்னால் நின்றார். "தோட்டக்காட்டான்தானே" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான். பேனா பிறகு மேசைக்கடியில் கிடந்தது.

இந்தக் கதையை முழுக் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதே வகுப்பில் அதே சொல்லைக் கேட்ட வேறு பிள்ளைகள் வளர்ந்து மேடையேறிப் பேசுகிறார்கள். ஒரு விதை ஏன் ஒரு மண்ணில் மட்டும் முளைக்கிறது என்பதற்கு விதையை மட்டும் பார்த்துப் பயனில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் முள்ளிவாய்க்கால் பக்கமிருந்து கடந்து வந்தபோது அவன் இளைஞன். ஆமிக்காரர் ஆம்பிளைகளைத் தனியாக வரிசையில் நிறுத்தி முகம் பார்த்து அனுப்பினார்கள். அன்றைக்குத் தன் கதை முடிந்தது என்றே நினைத்தான். முகம் எரிந்தது, மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. பார்த்தவன் கையை அசைத்துப் போகச் சொன்னான். அங்கே எல்லோருக்கும் வேர்த்தது. எல்லோருடைய கண்ணும் கலங்கியிருந்தது. அவனுடைய முகம் மற்ற முகங்களைப் போலவே இருந்த ஒரே இடம் அதுதான்.

ராஜினியின் வற்புறுத்தலில் ஒருமுறை ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்குப் போனான். கிருசாந்தன் என்ற இளம் உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு வழி சொன்னார்: "அண்ணை, அந்தச் சூடு வரேக்க உங்கட போனிலயே வீடியோ எடுங்கோ. பிறகு வீட்டில இருந்து பாருங்கோ. மற்றவை என்ன பாக்கினம் எண்டு நீங்களே பாக்கலாம்."

ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக் கூட்டம் ஒன்றில் போனை மடியில் வைத்து எடுத்தான். வீட்டில் போட்டுப் பார்த்தான். ஒரு கறுத்த மனிதன் கதிரையில் இருக்கிறான். கொஞ்சம் வேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். ராஜினிக்குச் சந்தோசம். "பாத்தீங்களே!" என்றாள். அவனும் அன்று பின்னேரம் முழுக்க இலேசாக இருந்தான். அடுத்த நாள் காலையில் சொன்னான்: "போன் காட்டுறதில்லை. மனிசர்ர கண் வேற."

கிளினிக்குக்கு அவன் மறுபடி போகவில்லை.

அந்தக் கமக்கார அமைப்புக்கு ஒரு மிசின் இருந்தது. வாய்க்கால் தண்ணீர் எட்டாத கடைசிக் காணிகளுக்கு முறைவைத்து இறைப்பதற்காக ஏதோ ஒரு திட்டத்தில் கொடுத்தது. அதை வைத்திருந்த கொட்டிலின் பூட்டுத் திறப்பு இரண்டு பேரிடம் இருந்தது. மிசின் திருத்துபவன் என்பதால் ஜனார்த்தனனிடம் ஒன்று. செயலாளர் சுதாகரனிடம் மற்றது. கோடைச் சிறுபோகம் விதைத்து, பயிர் தண்ணீர் கேட்கிற நேரத்தில் ஒருநாள் கொட்டில் பூட்டியபடி இருந்தது. உள்ளே மிசின் இல்லை. பூட்டு உடைபடவில்லை.

கூட்டம் வைத்தார்கள். தலைவர் பரமலிங்கம் தலைப்புக் காணிக்காரர், ஓய்வுபெற்ற தபாலதிபர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்து, "கடைசியாக் கொட்டிலைத் திறந்தது ஆர்?" என்று கேட்டார்.

"நான் போன கிழமைக்குப் பிறகு அந்தப் பக்கமே போகேல்லை அண்ணை" என்றான் சுதாகரன்.

எல்லோரும் ஜனார்த்தனனைப் பார்த்தார்கள். பிடரி, காது, கன்னம். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. தோளிலிருந்த துவாயால் முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்தது. "மோட்டர் சைக்கிளைப் பாத்திட்டு வாறன்" என்று எழும்பி வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

"இனியென்ன கேள்வி?" என்றாள் பரமலிங்கத்தின் மனைவி கமலாசனி. "முகத்தைப் பாத்தாத் தெரியேல்லையே."

அந்த ஊரில் இப்படியான வழக்குகளுக்கு ஒரு முடிவு உண்டு. வெள்ளிக்கிழமை வைரவர் கோயிலில் பூசை முடிய, சந்தேகப்படுபவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். குளித்து ஈரவேட்டியோடு வந்து, சனம் வட்டமாக நிற்க, "இந்தப் பொருளை நான் எடுக்கேல்லை, எடுத்தவனையும் எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தட்டில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்தவனை அதற்குப் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள். பொலிசுக்குப் போனாலும் கிடைக்காத விடுதலை அது. நெருப்பு ஒரு கணம்தான். கை பெரிதாகச் சுடாது. அங்கே நிற்பவர்கள் யாரும் நெருப்பைப் பார்ப்பதுமில்லை. முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"செய்யாததுக்குச் சத்தியம் பண்ண என்ன பயம்?" ராஜினி குசினியிலிருந்து கேட்டாள்.

"சத்தியத்துக்குப் பயமில்லை."

"நெருப்புக்கோ?"

"நெருப்பு என்னை என்ன செய்யும். கொதிக்கிற சைலன்சரைக் கையால பிடிக்கிறவன் நான்."

"அப்ப என்ன?"

"பேர் கூப்பிடுவினமெல்லோ."

மிச்சத்தையும் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். மிச்சம் இருக்கவில்லை.

"நான் முன்னுக்கு வந்து நிப்பன். வேற ஒருத்தரையும் பாக்காதீங்கோ. என்னை மட்டும் பாத்துக்கொண்டு சொல்லுங்கோ."

"உன்னைப் பாத்தா நீயும் என்னைப் பாப்பாய்."

அடுத்த நாள் அவள் தானே பரமலிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். "அவர் சத்தியம் பண்ணுவார் அண்ணை. சனமில்லாத நேரமாப் பாத்து, பூசாரியாரும் நீங்களும் மட்டும் நிண்டாக் காணும்."

பரமலிங்கம் கெட்டவரல்ல. யோசித்துத்தான் சொன்னார். "பிள்ளை, சாமிக்கு முன்னால நிக்கத் துணிஞ்சவன் சனத்துக்கு முன்னால நிக்க ஏன் பயப்பிட வேணும்? நீ வந்து கேட்டது எனக்கு விளங்குது. மற்றவைக்கு விளங்காது."

உண்மையில் அவருக்கும் விளங்கவில்லை. அவள் போனபிறகு, முன்பு இல்லாத ஒரு சந்தேகம் அவருக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை கோயில் வளவு நிறைந்திருந்தது. முதலில் சுதாகரனைக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி உடம்பில் ஒட்ட, நீறு பூசி, அமைதியாக வந்தான்.

"பூசாரியார், கொஞ்சம் பெரிய கட்டியா வையுங்கோ. பின்னுக்கு நிக்கிறவைக்கும் தெரிய வேணும்" என்றான்.

சிரிப்பு எழுந்தது. கோயிலென்றும் பாராமல் பரமலிங்கமும் சிரித்தார். சுதாகரன் வார்த்தைகளைத் தெளிவாகச் சொல்லி, நெருப்பைக் கையால் மூடி, கையை விரித்துக் காட்டினான். முகத்தில் ஒன்றுமில்லை.

"வீரையா மகன் ஜனார்த்தனன்."

அவன் நடந்தான். மணல் காலில் பட்டது அவனுக்குத் தெரியவில்லை. பிடரியில் தொடங்கியது ஏற்கெனவே காதுகளைத் தாண்டியிருந்தது. வட்டத்தின் நடுவில் நின்றபோது தன் முகம் உடம்பைவிடப் பெரிதாகிவிட்டது என்று தோன்றியது. பூசாரியார் கற்பூரத்தை ஏற்றித் தட்டை நீட்டினார். யாரோ ஒரு பெண், "பார், பார், எப்பிடி வேர்க்குது" என்றாள். வேறொருத்தி, "கையைப் பார்" என்றாள். கை நடுங்கியது. ராஜினி முன்வரிசையில் நின்றாள். மகள் தேனுகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லு தம்பி" என்றார் பூசாரியார்.

சொல்ல வேண்டிய வசனம் நீளமானது. வாயில் அதன் முதல் சொல்லும் இல்லை. எல்லோரும் காத்துக்கொண்டு பார்த்தார்கள், சொல்லாதவரை பார்ப்பார்கள், தடுமாறிச் சொன்னாலும் அதற்குப் பிறகும் பார்ப்பார்கள். இதற்கு முடிவே இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. முடிக்கக்கூடிய வசனம் ஒன்றுதான் இருந்தது. அது குட்டையாகவும் இருந்தது.

"நான்தான் எடுத்தனான்."

"பொய்!" ராஜினி கத்தினாள். "பொய் சொல்லுறார்! கேளாதீங்கோ, பொய் சொல்லுறார்!"

குற்றத்தை மறைக்கப் பொய் சொன்னவர்களை அந்தக் கோயில் கண்டிருக்கிறது. இல்லாத குற்றத்தை ஏற்கப் பொய் சொன்னவன் ஒருவனை அங்கே யாருக்கும் கற்பனை செய்யத் தெரியவில்லை. ஆகவே அவள் கத்தியதை மனைவியின் பாசமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஜனார்த்தனனுக்குள் நடந்ததை அவன் பின்னர் ராஜினிக்கு மட்டும் சொன்னான். அந்த வசனம் வெளியே வந்ததும் முகம் குளிர்ந்துவிட்டது. காதுகள் ஆறின. கை நின்றது. அவ்வளவு காலமும் எல்லோரும் அவன் முகத்தில் எதையோ தேடினார்கள். இப்போது கிடைத்துவிட்டது, இனித் தேடமாட்டார்கள். பரமலிங்கம் கேட்டார், அவனும் தடங்கலில்லாமல் பதில் சொன்னான்.

"எங்க வித்தனி?"

"கிளிநொச்சியில."

"ஆருக்கு?"

"ஆளைத் தெரியாது. சந்தையில கண்டது."

"வெக்கமில்லையோடா உனக்கு?"

"இல்லை அண்ணை" என்றான். அந்த நேரத்துக்கு அது உண்மை.

பொலிசுக்குப் போகாமல் ஊரோடு முடித்தார்கள். ஈடாக அவனுடைய சொந்த மிசினை அமைப்புக்குக் கொடுத்தான். அவன் போட்டிருந்த கச்சான்கடலைத் தோட்டம் தண்ணீரில்லாமல் காய்ந்தது. ராஜினி வாளியால் ஊற்றிப் பார்த்தாள். கிணற்றடியில் இருந்த சில வரிசைகள் மட்டும் தப்பின. தேனுகாவின் வகுப்பில் யாருடைய பென்சில் காணாமல் போனாலும் பிள்ளைகள் அவளுடைய பையைத் திறந்து பார்த்தார்கள். "கள்ளன்ர மகள்" என்று சொன்னது ஒருபுறம். "அது தோட்டக்காட்டுப் புத்தி" என்று பெரியவர்கள் சொன்னது மறுபுறம். ஒருவன் சொன்ன பொய் ஒரு தெருவுக்கே பேராகிவிட்டது. கடைசிக் காணிகளில் இருந்தவர்கள்தான் அவனோடு முதலில் பேச்சை விட்டார்கள்.

ராஜினி ஒருநாள் கேட்டாள். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சொன்னாப் பிறகுதான் என்னை விட்டவை."

"எங்களை ஆர் விட்டது? பிள்ளையை ஆர் விட்டது?"

அவனிடம் ஒரு புதிய அமைதி இருந்தது. கள்ளனென்று தெரிந்த ஒருவனை ஊர் நேராகப் பார்ப்பதில்லை. ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் நல்லதம்பியின் கடைக்கு வெறுந்தலையோடு போனான். நல்லதம்பி பகிடி விடவில்லை. சாமானை மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார். அது ஜனார்த்தனனுக்கு இதமாக இருந்தது. அந்த இதத்தின் விலையை வேறு இரண்டு பேர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அவன் அறியாமல் இருந்தானென்று சொல்ல முடியாது. அறிந்தும் அதை விட முடியவில்லை.

சுதாகரன் கட்டாருக்குப் போனான். அவன் போன பிறகு ஒருநாள் புதுக்குடியிருப்பில் மிசின் திருத்துகிற ஒருவர் பரமலிங்கத்துக்குப் போன் எடுத்தார். சுதாகரனுடைய மச்சான் திருத்தக் கொண்டுவந்த மிசினில் அமைப்பின் பேர் பொறித்திருந்த இடம் பெயின்றால் மறைத்திருக்கிறது என்றார். பரமலிங்கம் நேரே போய்ப் பார்த்தார். அதே மிசின். அதிகம் கேட்பதற்கு முன்னரே மச்சான்காரன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அன்று மத்தியானமே பரமலிங்கம் ஜனார்த்தனனின் வீட்டுப் படலையில் சைக்கிளை நிறுத்தினார். அந்த வீட்டுக்கு அவர் வருவது அதுதான் முதல்தடவை.

"தம்பி, நீ எடுக்கேல்லை. தெரிஞ்சிட்டுது. சுதாகரன்ர வேலை."

ஜனார்த்தனன் எழும்பி நின்றான். பரமலிங்கம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்; பெரிய மனிதர் ஒருவர் தன் தவறைத் திருத்தும்போது பார்க்கிற பார்வை அது.

"அப்ப ஏன் நீ எடுத்ததெண்டு சொன்னனி?"

பிடரியில் தொடங்கியது.

"சரி, அதை விடு. வாற வெள்ளி கோயிலுக்கு வா. எல்லாருக்கும் முன்னால சொன்னதை எல்லாருக்கும் முன்னாலதான் திருப்பி எடுக்க வேணும். நான் உனக்கு மாலை போடுறன். உன்ர மிசினையும் அங்கயே திருப்பித் தாறம்."

மாலை என்ற சொல்லில் காதுகள் இரண்டும் பற்றிக்கொண்டன. ஜனார்த்தனன் துவாயைத் தேடினான், கிடைக்கவில்லை. சட்டைக் கையால் துடைத்தான். வேர்வை நாடியிலிருந்து சொட்டியது. "நான்... இல்லை அண்ணை... வேண்டாம்" என்றான்.

பரமலிங்கத்தின் பார்வை மாறியது. நிரபராதி என்று சொன்ன பிறகும் ஒருவனுக்கு இப்படி வேர்க்குமென்றால் இன்னும் ஏதோ கிடக்கிறது. இரண்டு திறப்பு, இரண்டு பேர். ஒருவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான், மற்றவன் வாய் திறக்கிறானில்லை. சைக்கிளைத் திருப்பும்போது ராஜினியிடம் மட்டும் சொன்னார்: "வெள்ளி அவன் வரவேணும் பிள்ளை. வராட்டி நான் ஒண்டும் செய்யேலாது."

அவன் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் குளித்தான், வேட்டி கட்டினான், கதிரையில் இருந்தான், எழும்பவில்லை. ராஜினி தனியாகப் போனாள்.

மாலை ஒரு தட்டில் இருந்தது. பரமலிங்கம் நடந்ததைச் சொன்னார். சொன்னவிதத்தில் முழு மனம் இருக்கவில்லை. ராஜினி வட்டத்துக்குள் வந்து நின்றாள்.

"அவர் எடுக்கேல்லை. அண்டைக்கும் நான் சொன்னனான்."

"ஆள் எங்க?" என்றாள் கமலாசனி.

"வீட்டில."

"மாலை போடக் கூப்பிட்டும் வரேலாதோ?"

"அவருக்கு... ஆக்கள் பாத்தா ஏலாது. வெக்கம்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "களவெடுத்தனான் எண்டு சொல்லேக்க அந்த வெக்கம் எங்க போனது?"

வளவு முழுக்கச் சிரித்தது. ராஜினி சொல்ல வாயெடுத்தாள். அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்த எதையும் அந்தச் சிரிப்புக்குள் சொல்ல முடியாது என்று கண்டாள். யாரோ, "ரெண்டு பேரும் பங்கு போட்டிருப்பாங்கள், இவன் தான் ஏற்றுக்கொண்டு அவனைத் தப்ப விட்டிருக்கிறான்" என்றார்கள். அது எல்லோருக்கும் பொருந்திவந்தது. கள்ளன் என்ற பேர் அன்றைக்குக் கள்ளனின் கூட்டாளி என்று மாறியது, அவ்வளவுதான். மிசினைத் திருப்பிக் கொடுப்பதைப் பிறகு யோசிப்போம் என்று பரமலிங்கம் சொன்னார். மாலையைப் பூசாரியார் வைரவருக்குச் சாத்தினார்.

வரும் வழியில் வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து ராஜினி அழுதாள். பிறகு அந்தத் தண்ணீரிலேயே முகத்தைக் கழுவி, முந்தானையால் ஒற்றிக்கொண்டு நடந்தாள்.

ஜனார்த்தனன் படலையில் நின்றான்.

"என்னவாம்?"

"சொல்லியாச்சு. எல்லாரும் ஏற்றுக்கொண்டினம். நீங்கள் வராததையும் ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை."

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். கழுவின முகம். கண் விலகவில்லை, உதடு நடுங்கவில்லை, ஒரு துளி வேர்வை இல்லை. உண்மை சொல்கிறவளின் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான்.

"அப்ப சரி" என்றான். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கோயிலிலிருந்து சனம் திரும்பி வருகிற தெருவில் இறங்கி நடந்தான்.